கடைசி முறுக்கு

ஒரு ஊர்ல ஒரு ஜல்லிக் குவியல் இருந்துச்சு, தாரிணி. வீடு கட்டுற இடத்துல, கலவை மெஷினுக்குப் பக்கத்துல, யானை படுத்திருக்கிற மாதிரி பெரிய குவியல். எல்லாமே கருப்புக் கல். உள்ளே ஒண்ணே ஒண்ணு மட்டும் மாங்காய்த் தோல் மாதிரி பச்சை. எங்கே, "ம்" கொட்டு. அப்பதான் அத்தை மேல சொல்வேன்.

"ம்."

அந்த இடத்துல அஞ்சலைனு ஒருத்தி கம்பி கட்டுற வேலை பாத்தா. கூரை போடுறதுக்கு முன்னாடி பெரிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்குவாங்க. அதுங்க நகராம இருக்க, ஒவ்வொரு சந்திப்புலயும் மெல்லிசான கட்டுக்கம்பியைச் சுத்தி, கொக்கியால கிறுகிறுகிறுன்னு முறுக்கணும். முறுக்கி முடிச்சாலும் மேஸ்திரி வரதப்பன் விடமாட்டார். "அஞ்சலை, இன்னும் ஒரு முறுக்கு!"ன்னு கத்துவார். அப்புறம் அப்புறம், அவர் கத்தாட்டியும் அவ கை தானா இன்னொரு முறுக்கு போட ஆரம்பிச்சுடுச்சு.

அப்போ ஒருநாள் காலையில, "அக்கா! ஏ அக்கா!"ன்னு குவியல்லேருந்து ஒரு குரல். குனிஞ்சு பாத்தா, பச்சைக் கல்.

"இன்னைக்குக் கூரை போடுறாங்களாமே! மெஷினுக்குள்ள போனா, சிமெண்ட்டைப் பூசிக்கிட்டு கூரைக்குள்ளயே கிடப்பேன். அப்புறம் வெயிலையே பாக்க முடியாது. என்னைக் கழுத்துல போட்டுக்கோக்கா."

"ஓட்டையே இல்லையே தம்பி, உன்னை எப்படிக் கோக்குறது?"

"ஓட்டை போட்டா உடைஞ்சுடுவேன். நீ கம்பி கட்டுறவதானே? என்னைக் கட்டு!"

அஞ்சலை ஓடிப்போய் மேஸ்திரிகிட்ட அந்தக் கல்லைக் கேட்டா. அவர் மீசையைத் தடவிக்கிட்டே, "ஜல்லியோட வந்தது ஜல்லியோடதான் போகும். மெஷின் ஓடுறதுக்குள்ள அது நகையா உன் கழுத்துல தொங்கினா, எடுத்துக்கோ. முந்தானையில முடிஞ்சு வெக்கிறதெல்லாம் செல்லாது"ன்னுட்டார்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் அவ, பழைய சைக்கிள் பிரேக் கம்பியிலேருந்து ஒரு இழையை உருவினா. பளபளன்னு அழகான இழைதான், ஆனா முரடு. சுத்தி முடிச்சுக் கையை எடுத்தா, டொய்ங்ங்! கம்பி நிமிர்ந்துக்கிச்சு. கல் பறந்துபோய்த் தண்ணித் தொட்டியில ப்ளக்!

"குளிக்கணும்னு நான் கேட்டேனாக்கா?"ன்னுச்சு கல்.

அப்போ அவ தன்னோட கட்டுக்கம்பியையே எடுத்தா. அது சாதாரண இரும்பு, ஆனா சுட்டு ஆறவெச்சது; சொன்னபடி வளையும். அடியில ஒரு தொட்டில் மாதிரி வளைச்சு, கல்லை உட்காரவெச்சு, நாலு பக்கமும் நாலு விரல் பிடிக்கிற மாதிரி கம்பியை ஏத்தி, உச்சியில ஒரு வளையம் விட்டு, கொக்கியால கிறுகிறுகிறு... நல்லா இறுகிடுச்சு. அந்த நேரம் பாத்து மேஸ்திரி வேற யாரையோ பாத்து, "இன்னும் ஒரு முறுக்கு!"ன்னார். அவ கை சும்மா இருக்குமா?

பட்! கம்பி அறுந்துடுச்சு.

"ஐயோ! ஏன் அத்தை?"

கூரையில கட்டுக்கம்பியை ரெட்டையா மடிச்சுக் கட்டுவாங்க கண்ணு, இன்னொரு முறுக்கையும் தாங்கும். இது ஒத்தைக் கம்பி.

அதுக்குள்ள அங்கே ஆளுங்க ஜல்லியை அள்ள ஆரம்பிச்சுட்டாங்க. சரக்! சரக்! ஒருத்தர் மெஷின் கைப்பிடியைச் சுத்துறார். டுப்... டுப்... இன்னும் ஓடலை. அஞ்சலைகிட்ட மிச்சம் ஒரே ஒரு துண்டுக் கம்பி. தொட்டில் வளைச்சா. கல்லை உட்காரவெச்சா. விரல் ஏத்தினா, வளையம் விட்டா. கிறுகிறுகிறு... இறுகிடுச்சு. ஆனா கை நிக்கலை! கொக்கி மறுபடியும் திரும்பப் போகுது...

"போதும்! அஞ்சலை, போதும்!"

அப்பாடி! நீ கத்தினது அவளுக்குக் கேட்டுடுச்சு. கை அப்படியே நின்னுடுச்சு. கம்பி முனையைக் கழுத்துல குத்தாம உள்ளே மடக்கினா, கயித்துல கோத்தா, போட்டுக்கிட்டா. டுப்டுப்டுப்டுப்! மெஷின் ஓடுச்சு.

மேஸ்திரி வந்து இழுத்துப் பாத்தார், ஆட்டிப் பாத்தார். கல் அசையலை. "ஒரு முறுக்கு குறையுதே அஞ்சலை?"

"குறைஞ்சதாலதான் மேஸ்திரி நிக்குது."

"அடிப்பாவி! கூரையில இந்த வேலையைக் காட்டிடாதே!"ன்னு சிரிச்சார். மறுநாள் அவரே துண்டுக்குள்ள ஒரு செவப்புக் கல்லை ஒளிச்சுக்கிட்டு வந்து, "சும்மாதான் கேக்குறேன்..."ன்னு இழுத்தார்.

கூரைக்குள்ள போகவேண்டிய பச்சைக் கல், அஞ்சலை கழுத்துல ஏறி கூரை மேலே நின்னு, ஆசை தீர வெயில் பாத்துச்சு.

"ம்... அத்தை, இன்னும் ஒரு கதை?"

இன்னும் ஒரு முறுக்கா? அறுந்துடும்டி. கல்லு தொட்டில்ல, நீ கட்டில்ல. கண்ணை மூடு.