பிரேக் பிடித்தது யார்

தணிகைவேல் மறுபடியும் புல்லுக்குள் போய் நின்றார்.

புது நாலு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக். கோவைக்கு வெளியே இருந்த அந்தப் பயிற்சித் தடத்தில் ஒரே ஒரு வலது திருப்பம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை.

சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தணிகைவேல் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"புல்லு மேயவா அண்ணே வண்டி வாங்கினீங்க?" என்றார் எஸ்தர்.

தணிகைவேல் சிரிக்கவில்லை.

வேலியோரம் அவருடைய பழைய இரட்டை சிலிண்டர் பைக் நின்றது. பதினொரு வருஷம் ஓட்டியது. அதை வாங்குகிறவர் சாயங்காலம் வந்துவிடுவார். எஸ்தர் சரி என்று சொல்லாமல் புதியதை ரோட்டுக்கு எடுப்பதில்லை என்று தணிகைவேல் தன் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பழையது போகப்போகிறது. புதியது திரும்ப மாட்டேன் என்கிறது.

"மாஸ்டர், பழசுலயும் இதே வேகம்தான். இதே இடத்துலதான் ஆக்சிலேட்டரை விடுவேன். லேசா பிரேக் பிடிப்பேன். அழகாத் திரும்பும். இதுல ஏதோ கோளாறு."

"இருக்கலாம். பழசுல ஒரு சுத்து வாங்க. அந்தத் திருப்பத்துல பிரேக்ல விரல் படக்கூடாது."

"ஐயோ, பிரேக் இல்லாம எப்படி?"

"மத்ததெல்லாம் பழக்கப்படி செய்ங்க."

பயந்துகொண்டேதான் போனார். திருப்பம் வந்தது. ஆக்சிலேட்டரை விட்டார். எஞ்சின் உறுமியது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வேகம் இறங்கியது. வண்டி திரும்பிவிட்டது.

வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பிரேக் பிடிச்சீங்களா?"

"இல்லை மாஸ்டர்."

"வேகம் குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது."

"யார் குறைச்சது?"

தணிகைவேல் குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.

"இத்தனை நாளா நான்தான்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

"ஆக்சிலேட்டரை விட்டா பழசோட எஞ்சினே இழுத்துப் பிடிச்சுக்கும். புதுசுக்கு அந்தக் குணம் கம்மி அண்ணே. ஆக்சிலேட்டரை விட்டாலும் வழுக்கிட்டு ஓடும். அங்க நீங்கதான் பிடிக்கணும்."

புதியதை எடுத்தார். திருப்பத்துக்கு முன்னால் இரண்டு விரலால் பிரேக்கை முன்னைவிடக் கூடுதலாக அழுத்தினார். வண்டி அடங்கி, சாய்ந்து, திரும்பியது. இன்னொரு சுற்று போனார். இன்னொன்றும் போனார். புல் அது பாட்டுக்கு இருந்தது.

"சரி. வீட்டுக்கு இதுலயே போங்க" என்றார் எஸ்தர்.

சாயங்காலம் பழைய வண்டியை வாங்குகிறவர் வந்து கையை நீட்டினார். தணிகைவேல் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இதை விக்கக்கூடாதோ?"

"ஏன்?"

"என்னை எத்தனை திருப்பத்துல காப்பாத்தியிருக்கு. தெரியவே இல்லையே எனக்கு. எப்படிக் கொடுக்கிறது?"

எஸ்தர் அவருடைய மூடிய கையைப் பார்த்தார்.

"அவர் வண்டியைத்தானே கேக்கிறார், கொடுங்க. அது செஞ்ச வேலை உங்க விரலுக்கு வந்தாச்சு."