இமை வைத்த ஓடம்

ஆற்றுக்குப் பாலம் கட்டலாம் என்று யாருக்குமே தோன்றாத காலம் அது. கரையோரம் மருதப்பன், சடையன் என்று இரண்டு ஓடக்காரர்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார்: "ஆடிப்பெருக்கன்று இரண்டு ஓடத்திலும் நானே ஏறிப் பார்ப்பேன். நல்ல ஓடத்துக்குத்தான் துறை. மற்றவர் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்."

சடையன் தன் ஓடத்தை வாசலில் கவிழ்த்துப் போட்டான். சுரண்டும் சத்தம் கேட்டது, தட்டும் சத்தம் கேட்டது. அதெல்லாம் மருதப்பன் காதில் ஏறுமா? வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். அங்கே ஓடம் காவி பூசிக்கொண்டு மினுமினுத்தது. மருதப்பனுக்கு வயிறு எரிந்தது.

தன் ஓடத்தை இழுத்துப் போட்டு அதைவிடச் சிவப்பாகப் பூசினான்.

மறுபடி எட்டிப் பார்த்தான். சடையன் ஓடத்தில் ஒரு மஞ்சள் கோடு! இவன் இரண்டு கோடு போட்டான்.

மருதப்பன் மனைவி அங்காயி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "நம்ம ஓடத்துல தண்ணி கசியுதுங்க. மொதல்ல அத அடைங்க."

"நீ சும்மா இருடி. அவன் ஓடம் நம்ம ஓடத்துக்கிட்ட நிக்கக்கூடாது!"

மூன்றாம் முறை எட்டிப் பார்த்தான். சடையன் ஓடத்தின் முகப்பில் இரண்டு கண்கள். மருதப்பனுக்கு அன்று சோறே இறங்கவில்லை. இவனும் வரைந்தான், அவற்றைவிடப் பெரிய கண்களாக. போதாதென்று இமைமுடியும் வைத்தான்.

ஆடிப்பெருக்கு வந்தது. தலைவர் மருதப்பன் ஓடத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, அதில்தான் முதலில் ஏறினார். மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நடு ஆறு வருவதற்குள் தலைவருக்கு முழங்கால் வரை தண்ணீர். சடையன் விரைந்து வந்து இருவரையும் தன் ஓடத்தில் இழுத்துப் போட்டான்.

"ஒரே மாதிரிதானேடா பூசினோம்?" என்று மருதப்பன் அழுதான்.

"அண்ணே, பலகையச் சுரண்டி எண்ணெ ஏத்துனேன், அதுக்கு மேல காவி. மூட்டுல கயிறு அடைச்சேன், அது தெரியாம இருக்க மஞ்சக் கோடு. முகப்புல ரெண்டு ஓட்டைக்கு ஆப்பு வச்சேன், பாக்க அசிங்கமா இருந்துச்சு, கண்ண வரஞ்சேன். நீங்க எதுக்குண்ணே வரஞ்சீங்க?"

மருதப்பன் தன் ஓடத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் வரைந்த பெரிய கண்கள் தண்ணீருக்குள் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. துறை சடையனுக்குப் போனது.

பிள்ளைகளே, பெரியவர்களே, அடுத்தவன் பூச்சைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்குத் தன் ஓடத்தின் ஓட்டை கண்ணில் படாது.