காப்புக் கட்டிய ஓட்டல்

சுண்டைக்காய்ப்பட்டிக்காரர்களுக்கு அறிவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, அதுதான் தொல்லை.

அந்த ஊரில் ஆழ்குழாய் மோட்டார் கடை வைத்திருந்தவர் கோட்டைச்சாமி. கூட மாட மகன் முனியசாமியும் மருமகன் இருளாண்டியும். முனியசாமி சிங்கப்பூரில் கொத்து வேலை பார்த்துவிட்டு வந்தவன், ஆகவே இங்கிலீஷ் அவன் பொறுப்பு. அந்த வருஷம் நல்ல வறட்சி. மோட்டார் சும்மா பிய்த்துக்கொண்டு போனது. மனம் குளிர்ந்த கம்பெனி, மூன்று பேரையும் கரீபியன் தீவு ஒன்றில் கடலோர ஓட்டலுக்கு அனுப்பிவைத்தது. தங்குவது, தின்பது, குடிப்பது எல்லாம் அதிலேயே அடக்கம்.

இருளாண்டிக்குத் தீவும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஓட்டல் விளம்பரத்தில் ஒரு சிங்கி இறால் படம் பார்த்திருந்தான். முழங்கை நீளம். நெருப்பில் வாட்டி, மேலே வெண்ணெய் வழிய வழிய. அன்றையிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. "ஒண்ணே ஒண்ணு தின்னுட்டேன்னா போதும் மச்சான், பிறந்த பயனை அடைஞ்சிருவேன்" என்று விமானம் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தான்.

ஓட்டல் வாசலில் மார்சியா என்ற பெண் வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்று, மூன்று பேர் வலது கையிலும் ஆளுக்கொரு மஞ்சள் பட்டையைச் சுற்றி இறுக்கினாள். ஏதோ சொன்னாள். முனியசாமி மொழிபெயர்த்தான்.

"இதைக் குளிக்கும்போதுகூடக் கழத்தக் கூடாதாம்ப்பா. கிளம்புற அன்னைக்கு அவங்களே எடுத்துவிடுவாங்களாம். அதுவரைக்கும் நாம வெளிய எங்கயும் போக வேண்டியதே இல்லையாம்."

கோட்டைச்சாமி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"காப்புடா! நாம வந்த நேரம், இங்க திருவிழா."

சுண்டைக்காய்ப்பட்டியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கவுச்சி ஆகாது, கட்டில் ஆகாது, செருப்பு ஆகாது.

இருளாண்டி மாமனார் முன்னால் வந்து நின்றான். "மாமா, இறால் கவுச்சியா?"

"கடல்ல இருந்து வர்றது எல்லாமே கவுச்சிதான் மாப்ள."

"அப்ப உப்பு?" என்றான் முனியசாமி.

கோட்டைச்சாமி கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "உப்புக்கு உசிரு கிடையாது. சேத்துக்கலாம்."

அன்று ராத்திரி மூவரும் தரையில் துண்டை விரித்துப் படுத்தார்கள். கட்டில் கசங்காமல் கிடந்ததைப் பார்த்த ஓட்டல்காரர்கள், ஐயோ பாவம், கட்டில் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பெரிய கட்டில் போட்ட அறைக்கு மாற்றினார்கள். அங்கே தரையும் பெரிதாக இருந்தது. புரண்டு படுக்க வசதியாகப் போயிற்று.

கடல் எல்லைக்குள் வருமா, வராதா என்று ஒரு காலைப்பொழுது பூரா வழக்கு நடந்தது. ஈரம் இருக்கிற மணல்வரைக்கும் ஓட்டல், தண்ணீர் வேற்றூர் என்று கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னார். அலை பின்வாங்கினால் மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். அலை திரும்பினால் விழுந்தடித்துக் கரைக்கு ஓடிவந்தார்கள். வெறுங்காலில், சுடுமணலில். குளித்தது மாதிரியும் இல்லை, குளிக்காதது மாதிரியும் இல்லை.

இதெல்லாம் பரவாயில்லை. சாயங்காலம்தான் கொடுமை. அடுப்பைச் சுற்றி ஊரே காப்புக் கட்டிய கையோடு நின்று சிங்கி இறாலை உரித்துத் தின்னும் (விவரம் தெரியாத சனம், சாமி பொறுத்துக்கும் என்று கோட்டைச்சாமி சொல்லிவிட்டார்). அப்போது இருளாண்டி ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புகைக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பான். காற்று திசை மாறினால் நாற்காலியும் மாறும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மச்சானை இழுத்துக்கொண்டு மார்சியாவிடம் போய்க் கையை நீட்டினான். "தாயி, இதை அவுத்துவிடு."

அவள் பதறிப்போனாள். முனியசாமி கேட்டுச் சொன்னான்: "இது இல்லேன்னா இங்க பச்சத் தண்ணி தர மாட்டாங்களாம்டா."

இருளாண்டி தலையில் கை வைத்துவிட்டான். "காப்பு இருந்தா நாம திங்கக் கூடாது. காப்பு இல்லேன்னா அவங்க திங்க விட மாட்டாங்க. அப்ப அந்த இறாலை எவன்தான்யா திங்கிறது?"

"திங்கிறவன் தின்னுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றான் முனியசாமி, எரிகிற தீயில் எண்ணெய் விட்டு.

கிளம்பும் நாளும் வந்தது. விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வாசல் தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றது. காப்பை அவிழ்த்த கையோடு ஏறிவிட வேண்டியதுதான். இருளாண்டி பெட்டி மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மகளைக் கட்டினவன் அழுவதைப் பார்க்கக் கோட்டைச்சாமிக்குத் தாங்கவில்லை.

"இருங்கடா. விரதம் எதுவரைக்கும்?"

"எல்லைவரைக்கும்" என்றான் முனியசாமி.

"எல்லை எது?"

"வாசல் கம்பி."

"காப்பு எதுல இருக்கு?"

"கையில."

"திங்கிறது எது?"

"வாயி."

"பின்ன என்னடா? கை எல்லையைத் தாண்டாம உள்ளயே இருக்கட்டும். வாய் வெளியூர் போயிட்டு வரட்டும்!"

இருளாண்டி மாமனார் காலில் விழுந்தான்.

விஷயத்தைக் கேட்டு மார்சியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தானே போய் உள்ளதில் பெரிய சிங்கி இறாலாகப் பார்த்து வாட்டி, உரித்து எடுத்துவந்தாள். காப்பு இல்லாத வாசல் காவல்காரன் ஒரு முக்காலியை வெளியே போட்டு அதன்மேல் தட்டை வைத்தான். இருளாண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, கம்பிக்கு இந்தப் பக்கம் மண்டிபோட்டுக் கழுத்தை அந்தப் பக்கம் நீட்டினான். குப்புற விழாமல் முனியசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

முதல் கடி. மூக்கு, மோவாய், புருவம் எல்லாம் வெண்ணெய்.

"மாமா... அமிர்தம் மாமா!" கண்ணில் தண்ணீர் கொட்டியது. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து கோட்டைச்சாமி பார்த்ததே இல்லை, கல்யாணத்தன்றுகூட.

பஸ்ஸுக்கு வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நின்று பார்த்தது. இப்படித் தின்றால்தான் ருசி போலும் என்று ஆளுக்கொரு இறாலோடு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டிபோட்டது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். கொஞ்ச நேரத்தில் வரிசை நீச்சல் குளம்வரைக்கும் போய்விட்டது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து அவரும் கடைசியில் நின்றார்.

அவர் கையை உற்றுப் பார்த்த கோட்டைச்சாமி, மார்சியாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்:

"இந்த ஆளுக்கு மொதல்ல ஒரு காப்பைக் கட்டும்மா. விரதம் இல்லாதவன் வரிசையில நின்னா சாமிக் குத்தம் ஆயிரும்!"