விலை கூடிய பிளேயரும் மங்கலான முகமும்

புது பிளேயரில் போட்டால் பழைய டிவிடியும் பளிச்சென்று தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி, எண்ணெய் மில் முதலாளி வையாபுரி இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கிவிட்டார். கடையிலிருந்து மாட்டிக் கொடுக்க வந்தவன் தவமணி. மகளின் கல்யாண டிவிடி ஓடியது. போன ஆடியில் இறந்துபோன மனைவி மட்டும் மணமேடை ஓரத்தில் கரும்புகையாகத் தெரிந்தாள்.

“அவ முகம் தெளிவாத் தெரியணும். இல்லேன்னா உன் வேலை போயிரும்டா!” என்று குதித்தார் வையாபுரி.

“பிளேயர் மேல குத்தமில்லை முதலாளி. அதே மேடையில வாழ்த்த வந்த எம்.எல்.ஏ. மீசையில நரையை எண்ணலாம், பாருங்க. டிவிடியில இருக்கிறதைத்தான் அது துடைச்சுக் காட்டும்.”

“அவளும் அங்கதானேடா நின்னா?”

“அம்மா நின்னாங்க. வெளிச்சம்தான் அவங்க பக்கம் போகலை,” என்ற தவமணி, அந்த இடத்தையே மறுபடி ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினான்.

டிவிடியில் மேளத்தை மீறிக் கேட்டது அன்றைய வையாபுரியின் குரல்தான். “ஏய் லைட்டு! அவ வீட்டு ஆளுதானே, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம். எம்.எல்.ஏ. மேலயே பிடி!”

சத்தத்தைக் கூட்டியிருக்க வேண்டாமோ என்றிருந்தது தவமணிக்கு. வையாபுரி எழுந்து திரையை நெருங்கினார். நெருங்க நெருங்க அந்த முகம் இன்னும் மங்கியது.