தண்ணீர் கேட்காத செவ்வரளி

முன்னொரு காலத்திலே, மழை பெய்தால் தன் ஆட்சியின் பெருமை என்றும், பெய்யாவிட்டால் குடிகளின் பாவம் என்றும் சொல்லிக்கொள்ளும் ஒரு ராஜா கரம்பைநாட்டை ஆண்டுவந்தான். பெயர் குலதீபராயன்.

மூன்று வருஷமாக மழை இல்லை. ஊர்க்கிணறுகளில் குடிக்க மட்டுமே தண்ணீர் இருந்தது. அந்த நேரம் பார்த்து, தன் பிறந்தநாளன்று நந்தவனம் பூத்துக் குலுங்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது.

"அதற்கென்ன மகாராஜா! வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தினமும் வரட்டும்," என்றார் நந்தவன அதிகாரி அனந்தப்பர். "குடிகளுக்குத் தாகம் பழகிவிட்டது. ரோஜாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை."

நந்தவனத்தில் களையெடுக்கும் பூவாயிக்கு இது பொறுக்கவில்லை. நேரே சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, மதிலோரம் முந்நூறு செவ்வரளி நிக்குது. எந்த வெயில்லயும் பச்சை மாறாது. சொட்டுத் தண்ணி ஊத்தாம, உங்க பிறந்தநாளுக்குள்ள பூக்க வைக்கிறேன். ஊர்கிட்ட குடம் கேக்காதீங்க."

"அந்தக் கிழட்டுப் புதரா?" என்று அனந்தப்பர் சிரித்தார். "நாலு வருஷமாக ஒரு மொட்டு இல்லை!"

"இன்னும் மூன்று மாதம் இருக்கிறது," என்றான் ராஜா. "பூக்காவிட்டால் பிறந்தநாளைத் தள்ளிவைப்பேன். வீட்டுக்கு இரண்டு குடம் வாங்குவேன். நீ நாட்டை விட்டே போக வேண்டும்."

"சரிங்க. ஒரே ஒரு பயந்தான். யாராச்சும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிட்டா என் கதி அவ்வளவுதான். காவலுக்கு ரெண்டு ஆள் குடுங்க மகாராஜா."

"காவலெல்லாம் கிடையாது."

அனந்தப்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூவாயி கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போன நேரம், அவருடைய ஆட்கள் நாற்பது பேர் அரிவாளோடு இறங்கினார்கள். முந்நூறு செடியும் முழங்கால் உயரமாகிவிட்டது. திரும்பி வந்த பூவாயி ஊருக்கே கேட்கும்படி ஒப்பாரி வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அரளி புதுக்கிளையில்தான் பூக்கும்; வெட்டினால்தான் கிழட்டுச் செடி புதுக்கிளை விடும். ஒற்றையாளாக அத்தனையும் வெட்டி முடிக்க அவளுக்கு ஒரு மாதமாவது ஆகியிருக்கும்!

பிறந்தநாளன்று மதிலோரம் முழுக்கச் சிவப்பு. ராஜா முத்துமாலையைக் கழற்றினான்.

"எனக்கு மட்டும் குடுத்தா நியாயமில்லீங்க," என்றாள் பூவாயி. "செடியை வெட்டினதாலதான் பூத்துச்சு. வெட்டினவங்களுக்கும் ஒரு மாலை போடணும்."

"யார் அது?"

அனந்தப்பர் துள்ளி முன்னால் வந்தார். "அடியேன்தான்! பூக்கட்டும் என்றுதான் வெட்டச் சொன்னேன்."

"அப்படியா?" என்றான் ராஜா. "வெட்டினாலே பூக்கும், தண்ணீர் வேண்டாம் என்று தெரிந்தவர், ஊரிடம் எதற்குக் குடம் கேட்டீர்?"

"அ... அது தெரியாது மகாராஜா."

"தெரியாமல் எதற்கு வெட்டினீர்?"

சபை குலுங்கச் சிரித்தது.

முத்துமாலையும் அதிகாரி பதவியும் பூவாயிக்குப் போயின. ஆண்டுதோறும் அரளியை வெட்டும் வேலை அனந்தப்பருக்கு வந்தது. ஆள் வைக்கக் கூடாது, சொந்தக் கையால் வெட்ட வேண்டும் என்று உத்தரவு.

"பால் கண்ணுல பட்டுடாம பாத்துக்குங்க சாமி, விஷம்," என்று பூவாயி அக்கறையாக அரிவாளை நீட்டினாள். "மத்தபடி பயப்படாதீங்க. உங்க கைராசி ஊருக்கே தெரியும்!"