மயில் முள்ளுக்கு ஒரு மோட்டார்

குழந்தைவேலு இரண்டு கையிலும் மோட்டார்களை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். அந்த மலையடிவார ஆசிரமத்தில் அவன் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தலை நரைத்த ஆள். இப்படித் துள்ளி யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, கடிகாரத்துக்கு எதைப் போடட்டுங்க? டேபிள் ஃபேன் மோட்டாரா, மிக்ஸி மோட்டாரா?"

குரு தவமணி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மிக்ஸி மோட்டார் போட்டா, சட்னி அரைபடறதுக்குள்ள நமக்கெல்லாம் கிழடு தட்டிரும். இப்ப இருக்கற மோட்டாருக்கு என்ன?"

"அது சுத்த சோப்ளாங்கிங்க!"

மறுநாள் காலை புது தியான மண்டபத் திறப்பு. அதற்காக அவன் தன் கையாலேயே செய்த கடிகாரம் சுவரில் தொங்கியது. பலாப்பலகை முகம். பெரிய முள்ளின் நுனியில் ஒரு பித்தளை மயில். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை மயில் ஜோராக இறங்கும். மேலே ஏற வேண்டியதுதான் தாமதம், மூச்சு வாங்கி ஒன்பதுக்குள் நின்றுவிடும்.

மயிலைக் கழற்றிவிடு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அது மட்டும் அவனால் ஆகாது. இறந்துபோன மனைவி தெய்வானையின் தாம்பாளத்தை வெட்டிச் செய்த மயில் அது. அவள் போனதும் லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு இங்கே வந்தவன்தான். அதன் இரும்புச் சாவி இன்னமும் அவன் அரைஞாண் கயிற்றில் கிடந்தது.

"மயில் இருந்தே ஆகணுமா, வேலு?"

"மயில் இல்லீன்னா கடிகாரமே வேண்டாங்க அம்மா."

"சரி. முள்ளைக் கழட்டு."

முள்ளின் அச்சுத் துளையைத் தன் விரல்மேல் வைத்து நிறுத்தப் பார்த்தார் அம்மா. மயில் பக்கம் தொபுக்கென்று சாய்ந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே. உன் அரையில என்ன தொங்குது?"

அவன் தயங்கினான். பிறகு சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். அம்மா அதை, மயிலுக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருந்த முள்ளின் வாலில் செம்புக் கம்பியால் கட்டி, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். ஓர் இடத்தில் முள் அவர் விரல்மேல் ஆடாமல் நின்றது.

"ஐயோ, கனம் இன்னும் கூடிப்போச்சுங்களே!"

"மாட்டிப் பாரு."

பழைய மோட்டாரிலேயே மாட்டினான். மயில் இறங்கியது. ஆறைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கியது. ஒன்பது நெருங்கவும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சில நிமிஷம் கழித்துத் திறந்தபோது மயில் பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏறுதுங்க அம்மா! ஏறுது!"

சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. சோப்ளாங்கி என்று திட்டிய மோட்டாரையே தட்டிக்கொடுத்தான்.

"சாவி தொங்கறதுதான் பார்க்க ஒரு மாதிரியா இருக்குதுங்க. இதே கனத்துல அழகா ஒரு பித்தளைக் குண்டு கடைஞ்சு போட்டுறலாம். நம்ம லேத்துல வெச்சா எந்நேரம் ஆகப்போகுது..."

சட்டென்று நிறுத்தினான். பட்டறையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததே அன்றைக்குத்தான். நிமிர்ந்து பார்த்தான். சாவி மயிலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"பட்டறையைத் திறக்கச் சாவியை எடுத்தா கடிகாரம் நின்னுருமுங்களே அம்மா. விடிஞ்சா திறப்பு."

தவமணி அம்மா கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நிக்கட்டும் வேலு. நீ கிளம்பு."