தோலை யார் அள்ளுவது?

ஒரு காட்டில், ஓடைக்கரைச் சரிவில், குறுவாலி என்ற எலி இருந்தாள். மேகம் கறுத்தால் போதும், சிறு வயதில் கேட்ட ஓர் ஓசை அவள் காதுக்குத் திரும்பி வந்துவிடும். களக், களக் என்று வளைக்குள் தண்ணீர் இறங்கிய ஓசை. அன்று உயிரோடு வெளியே வந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அவளுக்கு ஆறு குட்டிகள். ஆகவே, மேட்டில் குடியிருந்த சலங்கையன் என்ற முள்ளம்பன்றியிடம் போனாள். அவன் நடந்தால் முட்கள் சலங்கைபோலக் குலுங்கும். பேச்சும் அப்படித்தான்.

உங்கள் வளைக்கும் என் வளைக்கும் நடுவே ஒரு சுரங்கம் தோண்டுவோம், வெள்ளம் வந்தால் நாங்கள் ஏறி வந்துவிடுவோம், பதிலுக்குத் தினமும் புல்லரிசி தருகிறேன் என்றாள்.

"தாராளமாக வா, தங்கச்சி. நானும் கிழங்கு தருகிறேன். வருகிற அவசரத்தில் என் முதுகில் மட்டும் மோதிவிடாதே. அப்புறம் உன்னைச் சல்லடையாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்."

பத்தே நாளில் இரண்டு வளையும் ஒரே வீடாயின.

எலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீனியைக் கொண்டு வந்தவரே மிச்சத்தையும் அள்ளி வெளியே போடுவார். முள்ளம்பன்றிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. தின்றவரே அள்ளுவார். இரண்டுமே நல்ல வழக்கங்கள். அவரவர் வீட்டில் ஒரு நாளும் குப்பை சேர்ந்ததில்லை.

சலங்கையன் கிழங்குகளைச் சுரங்கத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போவான். எலிகள் அங்கேயே உட்கார்ந்து தின்னும். கிழங்கு கொண்டு வந்தவரே தோலை எடுப்பார் என்று குறுவாலி இருந்தாள். தின்றவர் எடுப்பார் என்று சலங்கையன் இருந்தான். தோல்மேல் தோல் விழுந்தது.

புல்லரிசியில் கதை நேர்மாறு. சலங்கையன் பாதியைத் தின்று, மீதியை அந்திக்கு வைத்துவிட்டுத் தூங்குவான். கொண்டு வந்த கடமைக்காகக் குறுவாலி பகலில் வந்து, கிடந்ததை எல்லாம் மிச்சமென்று பெருக்கித் தள்ளுவாள். அவன் எழுந்தால் தரை பளபளவென்று இருக்கும். வயிறு காலி.

கொடுத்ததைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று அவன் நினைத்தான். இப்படியும் ஒரு சோம்பேறியா என்று அவள் நினைத்தாள். இருவரும் மரியாதை தெரிந்தவர்கள், அதனால் வாய் திறந்து கேட்கவில்லை. எதிர்ப்பட்டால் சுகமா என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஓடை பொங்கியது. களக், களக். குறுவாலி குட்டிகளை முன்னே தள்ளிக்கொண்டு சுரங்கத்தில் ஏறினாள். பாதி தூரத்தில் வழி இல்லை. தினமும் ஓரமாய் நுழைந்து போன அந்த அழுகிய தோல் குவியல், மழையில் ஊறிச் சரிந்து சுவராக இறுகி நின்றது.

"அண்ணா, இந்தத் தோலை ஏன் எடுக்கவில்லை?"

"நீ தின்ற தோலை நான் ஏன் எடுக்க வேண்டும்?" என்றது மறுபக்கத்துக் குரல்.

"கொண்டு வந்தவர்தானே எடுக்க வேண்டும்? உங்கள் வீட்டில் நான் தினமும் வந்து பெருக்கவில்லையா?"



"நீ பெருக்கியது என் அந்திச் சாப்பாடு, தங்கச்சி" என்றான் சலங்கையன் மெல்ல. "நான் உன்னைத் திருடி என்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தேன்."

"தண்ணீர் குட்டிகளின் கழுத்துக்கு வந்துவிட்டது, அண்ணா."

"சரி, சண்டையை அப்புறம் போடலாம். நீ அங்கிருந்து பிடுங்கு."

அவன் மேலிருந்து தோண்டினான், அவள் கீழிருந்து கடித்து இழுத்தாள். யார் தோல், யார் வேலை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஓர் எலி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஐந்து குட்டிகள் ஏறின. ஆறாவது குட்டி தண்ணீருக்குள் முழுகியிருந்தான். குறுவாலி முங்கி, வாலைக் கவ்வி, அவனை மேலே கொண்டு வந்தாள்.

மழை விட்டதும் இருவரும் சுரங்கத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கல்லைப் பதித்தார்கள். கல்லைத் தாண்டிய பொருள் வாங்கியவருடையது, மிச்சமும் அவர் பொறுப்பு, கொடுத்தவர் தொடக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். அவரவர் வளைக்குள் பழைய வழக்கம் பழையபடி நடந்தது.

ஆறாவது குட்டிக்குக் காதில் தண்ணீர் புகுந்து, பிறகு கேட்கவே இல்லை. எந்த மழையிலும் அவன் நன்றாகத் தூங்கினான்.

நீதி: இரு வேறு பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து வாழ்ந்தால், நடுவில் கிடக்கும் வேலை யாருடையது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.